கண் ஆபரேஷனில் பாவையைச் சுருக்கும் மருந்து: எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

எங்கள் பெரியம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. அன்று சாயங்காலம் அவர் மகன் ஆஸ்பத்திரி பில்லை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறான். அதில் பைலோகார்பின் என்று ஒரு பெயர். செல்போனில் தேடியிருக்கிறான். அரை மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகச் செய்திகள்: இது பாவையைச் சுருக்கும் மருந்து, இதனால் விழித்திரை கிழியும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, இதயத் துடிப்பு குறையும், அம்மாவுக்கு ஏன் இதைப் போட்டார்கள்? மதுரையில் இருக்கும் சித்தப்பா அதை இன்னும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மா பாவம், கண்ணில் பச்சைக் கவசத்தோடு உட்கார்ந்துகொண்டு, "எனக்கு நெஞ்சு படபடங்குதுடா" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. ஒரு கண் ஆஸ்பத்திரியின் தியேட்டர் மருந்து அறையில் பல வருடம் வேலை பார்த்தவன். உள்ளே எந்த மருந்து போகிறது, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தோம், லேபிளில் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இந்த விஷயத்தில் வரும் குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒரே பெயரில் இருக்கும் இரண்டு வேறு வேறு பொருட்களை ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். கண்ணின் மேலே விடும் சொட்டு மருந்து ஒன்று, கண்ணுக்குள்ளே செலுத்தும் மருந்து இன்னொன்று. பெயர் மட்டும் பார்த்து ஆபத்தா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை அடியிலிருந்து சொல்கிறேன்.

பாவை என்பது ஒரு ஓட்டை

கண்ணின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, நாம் கண்ணுப் பாப்பா என்று சொல்வது, அது ஒரு பொருளே கிடையாது. வெறும் ஓட்டை. அதைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையத்துக்கு ஐரிஸ் என்று பெயர், நம் ஊரில் பெரும்பாலும் பழுப்பு நிறம். உள்ளே இருட்டாக இருப்பதால் அந்த ஓட்டை கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வெயிலில் நிற்கும்போது சுமார் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும், இருட்டில் 8 மில்லிமீட்டர் வரைகூட விரியும்.

எப்படிச் சுருங்குகிறது? பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாயைச் சுற்றி ஒரு கயிறு ஓடும், அதை இழுத்தால் வாய் சுருங்கும். ஐரிஸின் உள்விளிம்பில் அப்படியே ஒரு வட்டத் தசை இருக்கிறது, அது இறுகினால் பாவை சுருங்கும். விரிப்பதற்கு இன்னொரு தசை, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து வெளியே ஓடுவது. அது இழுத்தால் ஓட்டை பெரிதாகும்.

பாவையைச் சுருக்கும் மருந்துகளுக்கு மயோடிக் என்று பொதுப்பெயர். அவை வேலை செய்வது முதல் தசையில், அதாவது சுருக்குப்பைக் கயிற்றில்.

கயிற்றை இழுக்கச் சொல்வது யார்?

தசை தானாக இறுகாது, நரம்பு சொல்ல வேண்டும். நரம்பு எப்படிச் சொல்கிறது என்பது நூறு வருடத்துக்கு முன்புவரை பெரிய வாக்குவாதமாக இருந்தது, மின்சாரம் மாதிரி நேரே பாய்கிறதா, இல்லை ஏதாவது ரசாயனத்தை விடுகிறதா என்று. 1921இல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்பவர் இரண்டு தவளை இதயங்களை வைத்து இதைத் தீர்த்தார். ஒரு இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் நனைந்திருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார், நரம்பைத் தொடாமலேயே அதுவும் மெதுவாகத் துடித்தது. ஆக நரம்பு ஏதோ ஒன்றைத் திரவத்தில் விடுகிறது. அதுதான் அசிட்டைல்கோலின். இதற்காக 1936இல் அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கண்ணைப் பற்றிப் பேச வந்தோம், இதயத்தில் போய் நிற்கிறோம். அந்த அசிட்டைல்கோலின்தான் கண்ணின் வட்டத் தசையையும் இறுகச் சொல்கிறது. பயம் பாதி இங்கிருந்துதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்வோம். தசையின் மேல் அந்த மணிப் பொத்தான் இருக்கிறது, இதற்கு ஏற்பி என்று பெயர். அசிட்டைல்கோலின் வந்து அழுத்தினால் தசை வேலை செய்யும். அழுத்திக்கொண்டே இருந்தால் ஆகாது என்பதால், அழுத்திய கையை உடனே தட்டிவிட ஒரு காவலாளியும் அங்கேயே இருக்கிறார். அசிட்டைல்கோலினை நொடிப் பொழுதில் உடைத்துப்போடும் ஒரு நொதி அது, பெயர் கோலினெஸ்டரேஸ்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டால் நம் ஊரில் பார்க்கும் பல விஷயங்கள் புரிந்துவிடும். ஊமத்தங்காயைத் தின்றுவிட்ட பிள்ளைக்குப் பாவை விரிந்துபோய் நிற்கும், ஏனென்றால் ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் வகைச் சரக்கு மணிப் பொத்தானை மூடிவிடுகிறது, யார் வந்தும் அழுத்த முடியாது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஒரு வகையைக் குடித்துவிட்டு வருபவருக்குப் பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும், நாடி இறங்கும், ஏனென்றால் அந்த விஷம் காவலாளியைக் கட்டிப்போட்டுவிடுகிறது, மணி நிற்காமல் அடிக்கிறது. அவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவது அட்ரோபின்தான், பொத்தானை மூடுவதற்கு. ஆபரேஷனுக்கு முன் உங்கள் கண்ணில் பல முறை விடுகிறார்களே, எரியும் சொட்டு, அதில் பொதுவாக இருக்கும் டிராபிகமைடும் இந்த அட்ரோபினின் தம்பிதான், கொஞ்ச நேரம் மட்டும் மூடிவைப்பது. அதோடு சேர்ந்து வரும் ஃபினைல்எஃப்ரின் ஆரக்கால் தசையை இழுத்துப் பாவையை இன்னும் விரிக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பாவை ஒரு ஓட்டை, அதைச் சுற்றி வட்டத் தசை, அந்தத் தசைக்குக் கட்டளை அசிட்டைல்கோலின் மூலம் வருகிறது. அதே பொத்தான் இதயம், நுரையீரல் குழாய், குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி என்று பல இடத்தில் இருக்கிறது.

விரித்துவிட்டு ஏன் சுருக்க வேண்டும்?

இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முன்னால் பாடுபட்டு விரிக்கிறார்கள், பின்னால் மருந்து விட்டுச் சுருக்குகிறார்கள், இது என்ன கூத்து?

புரை என்பது பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்கக் கதவு அகலமாகத் திறந்திருக்க வேண்டும், அதற்கு விரிப்பு. வேலை முடிந்தபின் கதவைச் சாத்தினால் நல்லது என்ற நிலைமை சில நேரம் வரும். முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லா ஆபரேஷனிலும் இது கிடையாது. மடக்கி வைக்கும் புது லென்ஸ், பழைய லென்ஸைச் சுற்றியிருந்த மெல்லிய உறைக்குள் அழகாக உட்கார்ந்துவிட்டால் பல சர்ஜன்கள் சுருக்கும் மருந்தைத் தொடுவதே இல்லை, பாவை தானே மெல்லச் சுருங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

எப்போது தேவைப்படும்? ஐரிஸ் தளர்ந்துபோய் வெட்டிய வாய் வழியாக வெளியே பிதுங்கப் பார்க்கும்போது. புது லென்ஸின் ஓரம் பாவைக்கு முன்னால் வந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க. லென்ஸ் உறை கிழிந்துபோய் ஐரிஸுக்கு முன்னால் லென்ஸ் வைக்க நேரும்போது. கருவிழி மாற்று ஆபரேஷனில் கீழே இருக்கும் சொந்த லென்ஸுக்கு அடிபடாமல் காக்க. கண் நீர் அழுத்த நோய்க்குச் செய்யும் சில ஆபரேஷன்களில் ஐரிஸை இழுத்துப் பிடித்து மூலையைத் திறந்து காட்டவும் உதவும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொரு உபயோகம். கண்ணின் பின்பகுதியில் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு கூழ் இருக்கிறது. உறை கிழிந்தால் அந்தக் கூழின் இழை ஒன்று முன்னால் வந்து வெட்டுவாயில் சிக்கிக்கொள்ளும், கண்ணாடி மாதிரி இருப்பதால் மைக்ராஸ்கோப்பிலும் சட்டென்று தெரியாது. அப்போது சுருக்கும் மருந்தை விடுவார்கள். தியேட்டரில் மானிட்டர் திரையில் ஒருமுறை நானே பார்த்தேன். விரிந்திருந்த பாவை மெல்லச் சுருங்கியது, எல்லாப் பக்கமும் வட்டமாக வந்தது, ஒரு பக்கம் மட்டும் கூராக நீண்டு நின்றது, சேலை முந்தானை ஆணியில் மாட்டினால் ஒரு மூலை இழுத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. சர்ஜன் அந்தக் கூரின் திசையில் போய் இழையைத் தேடி எடுத்தார். பாவை வட்டமானது. அந்த இழையை அப்படியே விட்டிருந்தால் பின்னால் விழித்திரையை இழுத்துத் தொந்தரவு செய்திருக்கும். விழித்திரையைக் கிழிக்கும் மருந்து என்று வாட்ஸ்அப்பில் வந்தது, இங்கே விழித்திரையைக் காப்பாற்ற உதவியிருக்கிறது.

மூன்று மருந்துகள்

கண்ணுக்குள் செலுத்துவதற்கென்று முக்கியமாக மூன்று உண்டு.

ஒன்று, அசிட்டைல்கோலினேதான், உடம்பில் இருக்கும் அதே சரக்கு. 1% கரைசல். தண்ணீரில் கரைத்து வைத்தால் கெட்டுவிடும் என்பதால் ஒரு குப்பியில் 20 மில்லிகிராம் வெள்ளைப் பொடியாகவும், தனியாக 2 மில்லிலிட்டர் திரவமாகவும் வரும். தியேட்டர் சிஸ்டர் ஆபரேஷன் மேஜைப் பக்கத்திலேயே கலந்து அப்போதே கொடுக்க வேண்டும், காலையில் கலந்து வைத்துச் சாயங்காலம் வரை ஓட்டும் பேச்சே கிடையாது. நொடிகளில் பாவை சுருங்கும். ஆனால் அந்தக் காவலாளி நொதி விடுமா? பத்து இருபது நிமிடத்தில் உடைத்துப்போட்டுவிடும், வேலை முடிந்தது.

இரண்டு, கார்பக்கால். அசிட்டைல்கோலின் மாதிரியே பொத்தானை அழுத்தும், ஆனால் காவலாளியால் இதைச் சுலபமாக உடைக்க முடியாது. உச்சத்துக்கு வர 2 முதல் 5 நிமிடம் ஆகும், தாக்கம் ஒரு நாள் வரை இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாளில் கண்ணின் அழுத்தம் ஏறாமல் பிடித்துவைக்கும் குணமும் இதற்கு உண்டு, அதனால் சில சர்ஜன்களுக்கு இது பிடிக்கும்.

மூன்று, பைலோகார்பின். பிரேசிலில் வளரும் ஜாபொராண்டி என்ற செடியின் இலையில் இருப்பது. அந்த இலையை மென்றால் எச்சில் ஆறாக ஓடும், வியர்த்துக்கொட்டும். 1875இல் அதிலிருந்து இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள், அடுத்த ஓரிரு வருடங்களிலேயே கண் நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாகப் போட ஆரம்பித்தார்கள், இன்றும் சொட்டாக இருக்கிறது. நம் நாட்டில் 0.5% அளவில், பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் சேர்க்காமல், கண்ணுக்குள் செலுத்தவென்றே சின்ன ஆம்பூலாகவும், அதாவது மூடி முத்திரையிட்ட சின்னக் குப்பியாகவும் வருகிறது. பெரியம்மா பில்லில் இருந்தது இதுதான். அவர் மகன் செல்போனில் படித்தது சொட்டு மருந்தைப் பற்றி.

உள்ளே வேறு, வெளியே வேறு

கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான கண்ணாடி போன்ற பகுதிக்குக் கார்னியா என்று பெயர், கருவிழி மாற்று என்கிறபோது மாற்றுவது இதைத்தான். அதன் உள்பக்கத்தில் ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எண்டோதீலியம் என்பார்கள். அடைமழையில் தாழ்ந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்போமே, அந்த வேலைதான் இந்தச் செல்களுக்கு. கார்னியாவுக்குள் ஊறும் நீரை விடாமல் வெளியே இறைக்கின்றன. இறைப்பு நின்றால் கார்னியா ஊறி வீங்கிப் பால் கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 2,500 செல் இருக்கும். போனால் போனதுதான், மனிதருக்கு இவை திரும்ப முளைப்பதில்லை. பக்கத்துச் செல் நீண்டு இடத்தை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சாதாரணச் சொட்டு மருந்து இந்த அடுக்கை நேராகத் தொடுவதில்லை. கண்ணீர் பாதியைக் கழுவிக்கொண்டு போகும், கார்னியாவின் மேல் தோல் தடுக்கும், துளிதான் உள்ளே இறங்கும். அதனால்தான் சொட்டு மருந்தை வீரியமாகச் செய்கிறார்கள். திறந்த பாட்டிலில் கிருமி வளரக்கூடாது என்று பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பதப்படுத்தியையும் சேர்க்கிறார்கள். மேலே விடும்போது பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. உள்ளே போனால் அதே ரசாயனம் அந்த ஒற்றை அடுக்கைச் சுட்டுவிடும்.

அளவையும் பாருங்கள். கார்பக்கால் சொட்டு மருந்தாக 3% வரை இருந்திருக்கிறது. உள்ளே செலுத்தும் கார்பக்கால் 0.01%. முந்நூறு மடங்கு வித்தியாசம், பெயர் ஒன்றே. கண்ணின் முன்னறையில் இருக்கும் திரவமோ மொத்தமே கால் மில்லிலிட்டர், ஒரு டீஸ்பூனில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன இடத்தில் எது தப்பாகப் போனாலும் கலந்து நீர்த்துப்போக இடமே இல்லை.

இதனால்தான் எங்கள் மருந்து அறையில் சொட்டு பாட்டில்களும் உள்ளே போகும் ஆம்பூல்களும் ஒரே அலமாரியில் இருக்காது. எடுத்துக்கொடுப்பவர் பெயரையும் சதவீதத்தையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், வாங்கும் சிஸ்டர் திருப்பிப் படிக்க வேண்டும், பதப்படுத்தி இல்லை என்ற வரியையும் சேர்த்து. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இது வீண் சடங்கு மாதிரித் தோன்றும். எனக்கும் முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அவசரத்தில் நான் எடுத்த ஆம்பூலைச் சிஸ்டர் திருப்பிப் படித்துவிட்டுப் பேசாமல் என் கையிலேயே வைத்தார். அது தப்பான ஆம்பூல். அன்றிலிருந்து சத்தமாகவே படிக்கிறேன்.

தப்பான பொருள் உள்ளே போனால் என்ன ஆகும்? நச்சு முன்கண் அழற்சி என்று சொல்லலாம், ஆங்கிலச் சுருக்கத்தில் டாஸ் என்பார்கள். கிருமி கிடையாது, ரசாயனத்தால் வரும் அழற்சி. பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கார்னியா ஓரத்திலிருந்து ஓரம்வரை வெளுத்து வீங்கும், பார்வை மங்கும். இதற்குச் சுருக்கும் மருந்து மட்டும் காரணம் கிடையாது, சரியாகக் கழுவாத கருவியில் ஒட்டிய சோப்பு, கண்ணைக் கழுவும் திரவத்தில் கலந்த மாசு, எதுவும் செய்யலாம். கிருமித் தொற்று வேறு, அது பெரும்பாலும் இரண்டு நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள், வலியோடு வரும். வீட்டில் இருந்துகொண்டு இது அதுவா இதுவா என்று பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம்.

சரி, இதுவரை: ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே போகும் மருந்து வீரியம் குறைந்தது, பதப்படுத்தி இல்லாதது, ஒருமுறை திறந்து ஒருவருக்கே பயன்படுத்துவது. சரியான ஆம்பூல் சரியான அளவில் போனால் கார்னியா பொதுவாகத் தாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே செல் குறைந்துபோன கார்னியா உள்ளவர்களுக்கு மட்டும் வீக்கம் நீடிக்கும் வாய்ப்பு கூடுதல், அவர்களுக்கு ஆபரேஷனே கூடுதல் கவனத்தோடுதான் நடக்கும்.

இதயம், ஆஸ்துமா பயம்

பொத்தான் பல இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். கண்ணுக்குள் விட்டது கொஞ்சம் ரத்தத்தில் சேரத்தான் செய்யும். அரிதாகச் சிலருக்கு நாடி குறைந்திருக்கிறது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, முகம் சிவந்து வியர்த்திருக்கிறது, மூச்சு இறுகியிருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை, மருந்தோடு வரும் சீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 0.01% கார்பக்காலில் அரை மில்லிலிட்டர் என்றால் மொத்தமே 0.05 மில்லிகிராம், அதிலும் பாதி வழிந்து வெளியே போகும். அசிட்டைல்கோலின் அளவு கூடத்தான், 20 மில்லிகிராம் வரை போகலாம். ஆனால் நம் ரத்தத்திலேயே காவலாளி நொதி ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே வந்ததை வந்த வேகத்தில் உடைக்கிறது. அதையும் தாண்டி ஏதாவது நடந்தால் மாற்று மருந்து தெரிந்ததுதான், அட்ரோபின். ஊமத்தைக் கதையில் வந்தாரே, அவரே. தியேட்டரில் அட்ரோபின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அசிட்டைல்கோலின் சீட்டே சொல்கிறது, அளவும் போட்டிருக்கிறது, அரை முதல் ஒரு மில்லிகிராம். விரலில் மாட்டிய கருவி நாடியைக் காட்டிக்கொண்டே இருக்கும், குறைந்தால் உடனே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணின் தசையை இழுத்தாலோ கண்ணை அழுத்தினாலோ மருந்தே இல்லாமல்கூட நாடி இறங்கும், அது உடம்பின் ஒரு அனிச்சைச் செயல். அதனால் ஆபரேஷனில் நாடி குறைந்தது என்று கேள்விப்பட்டால் உடனே மருந்தின் மேல் பழி போட முடியாது.

யாருக்குக் கூடுதல் கவனம்? ஆஸ்துமா, இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குபவர்கள், வயிற்றுப் புண், சிறுநீர் அடைப்பு, தைராய்டு கூடுதலாகச் சுரப்பது, பார்க்கின்சன் நோய். கார்பக்கால் சீட்டில் இந்தப் பட்டியலே இருக்கிறது. இவர்களுக்குப் போடவே கூடாது என்று அர்த்தம் இல்லை, சர்ஜனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். எதை விடுவது, விடத்தான் வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

விழித்திரை கிழியும் என்பது?

இதில் உண்மை ஒரு துளி இருக்கிறது, அதனால்தான் வதந்தி சாகவில்லை. பைலோகார்பின் வட்டத் தசையை மட்டும் இறுக்குவதில்லை, லென்ஸைப் பிடித்திருக்கும் உள் தசையையும் இறுக்கும், அந்த இழுப்பு விழித்திரையின் ஓரம்வரை போகலாம். தினமும் சொட்டு விடுபவர்களில், முக்கியமாகக் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் விழித்திரை ஏற்கெனவே மெலிந்தவர்களுக்கும், விழித்திரை விலகியதாகப் பதிவுகள் உண்டு. 2021இல் அமெரிக்காவில் வெள்ளெழுத்துக்கு, அதாவது நாற்பதுக்கு மேல் பேப்பர் படிக்கத் தடுமாறுவதற்கு, 1.25% பைலோகார்பின் சொட்டு அனுமதி பெற்றது. அதன் பிறகுதான் இந்த எச்சரிக்கை இணையம் முழுக்கப் பரவியது. பெரியம்மா மகன் படித்ததும் அந்த வகைச் செய்திதான்.

ஆபரேஷன் நேரத்தில் ஒருமுறை விடுவது அதே கணக்கில் வராது. உள்ளே விடும் கார்பக்கால் சீட்டிலும் விழித்திரை விலகல் என்ற வார்த்தை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் புரை ஆபரேஷனே விழித்திரை விலகும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது, அதனால் ஆபரேஷன் ஆன கண்ணில் இது வந்தால் மருந்தா ஆபரேஷனா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எதனால் வந்தாலும் அறிகுறி ஒன்றுதான்: கண் ஓரத்தில் மின்னல் வெட்டுவது, திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஒரு பக்கம் திரை இறங்குவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

பாவை சுருங்கியிருந்தால் உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. சாயங்காலம் விளக்கு போட்ட அறைகூட மங்கலாகத் தெரியும். புருவத்துக்கு மேல் மந்தமாக ஒரு வலி வரலாம், அது உள் தசை இறுகுவதால் வருவது. அசிட்டைல்கோலின் என்றால் நீங்கள் தியேட்டரை விட்டு வரும்போதே முடிந்திருக்கும், பைலோகார்பின் என்றால் சில மணி நேரம், கார்பக்கால் என்றால் ஒரு நாள். அந்த நேரத்தில் இருட்டில் தனியாகப் பாத்ரூம் போக விடாதீர்கள், விழுந்துவிடுவார்கள். வலி கூடிக்கொண்டே போனாலோ, நேற்று தெரிந்தது இன்று தெரியவில்லை என்றாலோ, கண் ரத்தச் சிவப்பாக ஆனாலோ, மறுநாள் பரிசோதனைவரை காத்திருக்க வேண்டாம்.

முன்னாலேயே சொல்ல வேண்டிய ஒரு மாத்திரை

கடைசியாக ஒன்று. இது சுருக்கும் மருந்தே கிடையாது, ஆனால் தியேட்டரில் பாவை வேண்டாத நேரத்தில் சுருங்கி மானத்தை வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். டாம்சுலோசின். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சரியாகப் போகாதபோது கொடுக்கும் மாத்திரை. சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் அதே குணத்தால் ஐரிஸின் ஆரக்கால் தசையையும் தளர்த்திவிடுகிறது. ஆபரேஷன் நடுவில் ஐரிஸ் நனைந்த துணி மாதிரி அலையும், பாவை தானே சுருங்கும். 2005இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் சரியாகிவிடும் என்று பலர் தாங்களே நிறுத்துகிறார்கள். நிறுத்தினாலும் அந்தத் தாக்கம் போகும் என்று நம்ப முடியாது, சிறுநீர் அடைத்துக்கொண்டு வேறு தொல்லை வரும். நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், சொன்னால் போதும். தெரிந்திருந்தால் சர்ஜன் அதற்கான கொக்கியோ வளையமோ தயாராக வைத்துக்கொள்வார்.

பெரியம்மாவுக்கு மறுநாள் காலையில் கவசத்தை எடுத்தார்கள். காலண்டரில் தேதியைத் தூரத்திலிருந்தே படித்தார். படபடப்பு எப்போது போனது என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு ஆபரேஷன். "ஒண்ணுக்குப் போறதுக்குத் தின்ற மாத்திரைய எதுக்குடா கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பதிவு செய்த சிஸ்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் டாம்சுலோசின் என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.